சுண்டுவிரல் முத்திரை

"எந்த விரல்?" என்று கேட்டார் மேஜைக்குப் பின்னால் இருந்த கெம்பையன்.

மகேஸ்வரி நாற்காலியின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்னங்கால்கள் அவள் புருஷன் ரத்தினவேலின் கையில் இருந்தன. பழைய சேலையில் சுற்றிய அந்த ஈட்டிமர நாற்காலியை லக்கேஜ் ஆட்டோவிலிருந்து இறக்கி, படியேற்றி, வரவேற்பு மேஜைக்கு முன்னால் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவளுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. விரலைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை.

"இடது கை, சுண்டுவிரலுங்க," என்றான் ரத்தினவேல்.

"சுண்டுவிரலுக்கு மூணாம் தரம்தான் கிடைக்கும். மோதிரவிரல்னா ரெண்டாம் தரம். கட்டைவிரல் குடுத்தா டில்லி எக்ஸிபிஷன்ல வெப்பாங்க."

"சுண்டுவிரலே போதுமுங்க."

"சொல்ப, கொஞ்சம் யோசனை பண்ணுங்க மேஸ்திரி. அப்புறமா மாத்த ஆகாது."

மகேஸ்வரி நாற்காலியைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க விரலைக் கேக்கறீங்க? ரேகை வெக்கறதுக்கா?"

கெம்பையன் இரக்கத்தோடு அவளைப் பார்த்தார். "ரேகை வெச்சா விரல் நம்மகிட்டயே திரும்பி வந்துரும் அம்மா. இது அப்படி இல்ல. இங்கயே இருந்துரும்."

சொல்லிவிட்டு, உட்காரும்படி பெஞ்சைக் காட்டினார். காட்டிய கையில் ஐந்து விரல்களும் இருந்தன. மற்றக் கையிலும் இருந்தன. மகேஸ்வரி இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதைக் கண்டு, "நாங்க பர்மனென்ட் ஸ்டாப். எங்களுக்கு அந்த ரூல் கிடையாது. பைல் புரட்டணும் அல்லவா," என்றார்.

உன்னத மரச்சாமான் மையம் மைசூரில் யாதவகிரி மேட்டில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிவந்தது. நாட்டின் கதவைத் திறந்துவிட்டதும், வெளிநாட்டு சோபாக்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கத் தொடங்கிய வருடங்களில் அது பிறந்தது. எது ஆடம்பரம், எது வெறும் நாற்காலி என்பதை இனி யாராவது பொறுப்பெடுத்துச் சொல்லியாக வேண்டும் என்று டில்லியில் தோன்றியது. மைசூரில் ஈட்டிமர வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள். ஆகவே அவர்களைப் பார்த்துச் சொல்வதற்கு மைசூரிலேயே ஒரு மையம் வைத்தார்கள். அதன் முத்திரை இருந்தால் பெங்களூர்க் கடைகளில் நாற்காலியைச் சுற்றிக் கயிறு கட்டுவார்கள். இல்லாவிட்டால் அதில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம்.

பெஞ்சில் உட்கார்ந்ததும் மகேஸ்வரி குரலைத் தாழ்த்தினாள்.

"சாமான் தூக்க ஆள் வேணும்னுதானே லீவு போடச் சொன்னீங்க. ஹெப்பாள் கம்பெனியில சூப்பர்வைசர்கிட்ட எத்தனை பேச்சு வாங்கிட்டு வந்தேன் தெரியுமா?"

"தூக்கறதுக்குந்தான்."

"அதுக்குந்தான்னா? வேற எதுக்கு?"

ரத்தினவேல் எதிர்ச் சுவரைப் பார்த்தான். அமைதி காக்கவும், அலறுவோர் வெளியேற்றப்படுவர் என்று அங்கே மூன்று மொழிகளில் எழுதியிருந்தது.

"விரல் மேல உளியை நான் வெச்சுக்குவேன். அதுக்கு மேல கொட்டாப்புளிச் சுத்தியில ஒரு போடு போடோணும். அதை வீட்டுக்காரிதான் போடோணுமாம். அப்பத்தான் குடும்பத் தொழில்னு சான்றிதழ்ல எழுதுவாங்களாம்."

உள்ளே எங்கோ மரத்தை எதனாலோ அறைகிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, உங்களுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் இருக்குதா?"

"இல்ல புள்ளே."

"நேத்து ராத்திரி நல்லாத்தானே சாப்பிட்டீங்க."

"இப்பவும் நல்லாத்தான் இருக்கறேன். நீயே சொல்லு, சுண்டுவிரல்ல நான் என்ன வேலை செய்யறேன்?"

"காது குடையறீங்க."

"வலது கையில இன்னொண்ணு இருக்குதில்ல."

"ரெண்டு காதுக்கும் ஒண்ணா? எங்கப்பன் பொண்ணுக் குடுக்கையில பத்து விரலையும் எண்ணிப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு. நாளைக்கு அவரு கேட்டா நான் என்ன சொல்லட்டும்?"

"உங்கப்பன் செத்து எத்தனை வருசமாச்சு."

"செத்தாலும் கேப்பாரு."

ரத்தினவேல் சேலையை விலக்கி நாற்காலியின் சாய்வுப் பலகையைத் தடவினான். அதில் ஒரு சோளக்கதிர் பதித்திருந்தான். கதிரின் ஒவ்வொரு மணியும் ஒவ்வொரு மரம். அதை ஒரு கிளி கொத்திக்கொண்டிருந்தது. ஹனூர்ப் பக்கம் அவர்கள் சோளக்காட்டில் கிளி விரட்டியே வளர்ந்தவன் அவன்.

"இத்தனை காலமா என்ற கை செஞ்சதெல்லாம் ஷோரூம்காரன் பேருலதான் போகுது மகேசு. இது ஒண்ணாச்சும் என்ற பேருல நிக்கட்டும். முத்திரை இல்லைன்னா, இது மெஷின்ல அறுத்ததுன்னு சொல்லிப் போடுவாங்க."

"பேருதானே வேணும்? பின்னால பெயிண்ட்ல எழுதிக்கலாம். நானே எழுதித் தர்றேன்."

"பெயிண்டை எவன் நம்புவான்?"

"விரல் போயிட்டா கை நடுங்கும். கை நடுங்கினா அடுத்த நாற்காலியை எவன் செய்வான்? அதைச் சொல்லுங்க முதல்ல."

அவன் அதைச் சொல்வதற்குள் கெம்பையன் வந்து, "பேகா வாங்க, லீலா மேடம் கூப்பிடறாங்க," என்று அவசரப்படுத்தினார்.

லீலா மேடம் மையத்தின் அழகியல் நிபுணர். பட்டுச் சேலைக்கு மேல் காக்கிக் கோட்டு அணிந்திருந்தார். அவர் நின்ற கூடத்தின் கதவில் நயம் அறியும் கூடம் என்று எழுதியிருந்தது. நடுவில் மேலிருந்து ஒரு இரும்புச் சங்கிலி தொங்கியது. மூலையில் சம்மட்டிகளைச் சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாகச் சாத்தியிருந்தார்கள். ஊழியர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களுக்கு முன்னால் வந்திருந்தவர் அய்யாவு. மண்டியாப் பக்கத்துக்காரர், வயதானவர். அவர் செய்த தேக்கு நாற்காலி மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் நின்றது. லீலா மேடம் கைக்குட்டையை அசைத்தார். மேலிருந்தவர்கள் தள்ளிவிட்டார்கள். நாற்காலி தரையில் விழுந்து நான்கு திசைக்கும் போனது. ஒரு கால் எகிறி ஊழியர் ஒருவரின் நெற்றியில் பட்டு ரத்தம் வந்தது. அவர் தேநீரைக் கீழே வைக்காமலேயே துடைத்துக்கொண்டார்.

"உடைஞ்சுடுச்சு. தரம் இல்லை," என்றார் லீலா மேடம்.

"மாடியிலிருந்து போட்டா மனுசனே ஒடைஞ்சு போவானுங்களே அம்மா," என்றார் அய்யாவு.

"மனுஷனுக்கு நாங்க முத்திரை குடுக்கறதில்லை. சரி, கையைக் காட்டுங்க."

அய்யாவு வலது கையை நீட்டினார். மோதிரவிரல் பாதிதான் இருந்தது. லீலா மேடம் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு குனிந்து மோந்தும் பார்த்தார்.

"எப்படிப் போச்சு?"

"உளி வழுக்கிருச்சுங்க."

"உளி வழுக்கினா நேரா வெட்டும். இது நசுங்கியிருக்கு. இது கரும்பு மெஷின்."

அய்யாவு தலையைக் குனிந்துகொண்டார். "சாறு புழியற எடத்துல கொஞ்ச நாள் வேலை பாத்தனுங்க. ஆனா வலி ஒண்ணுதானுங்களே."

"வலி ஒண்ணா இருக்கலாம். பாரம்பரியம் வேற. சர்க்கரைக்காகப் போன விரலை மரச்சாமான் கணக்குல காட்டறீங்களே, இது நாட்டை ஏமாத்தற வேலை இல்லையா? கெம்பையா."

கெம்பையன் ஒரு பிளைவுட் பலகையை எடுத்து வந்து அய்யாவுவின் முதுகில் அடித்தார். அடித்துக்கொண்டே மகேஸ்வரியின் பக்கம் திரும்பி, "போலிக்குப் பிளைவுட். விண்ணப்பத்துல தப்பிருந்தா பலாமரம். தேக்கால அடிக்கிறதுக்கு மேல இருந்து உத்தரவு வரணும்," என்று விளக்கினார். அய்யாவு அலறவில்லை. சுவரில் எழுதியிருந்ததை அவரும் படித்திருந்தார். அவரை வாசல்வரை தள்ளிக்கொண்டு போனார்கள். அவர் நாற்காலியின் கைப்பிடி ஒன்றை மட்டும் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டு போனார்.

அடுத்தது ரத்தினவேலின் நாற்காலி.

முதலில் சின்னச் சம்மட்டி. அது அசையவில்லை. பிறகு நடுத்தரம். சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டுத் தூணில் மோதவைத்தார்கள். தூணில் காரை பெயர்ந்தது. மாடியிலிருந்து தள்ளினார்கள். அது ஒருமுறை குதித்து, நேராக நான்கு கால்களில் நின்றது. இரண்டு ஊழியர்கள் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். ஒருவருக்குக் கணுக்கால் பிசகி, அவரை நொண்ட நொண்டக் கூட்டிப்போனார்கள்.

ஒவ்வொரு அடிக்கும் ரத்தினவேலின் தோள் குலுங்கியது. விரலைக் கொடுக்கப் பேசி முடித்துவிட்டு வந்தவன், நாற்காலிக்கு அடி விழுவதைப் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"போதும்," என்றார் லீலா மேடம். அவருக்குத் திருப்தி இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. "இவ்வளவு அடிச்சும் ஒரு கீறல் இல்லை. இது முரட்டுத்தனம். இதுக்குத் திமிர் ஜாஸ்தி."

மகேஸ்வரி கேட்டாள். "ஒடைஞ்சா தரமில்லைன்னீங்க. ஒடையாட்டித் திமிருங்கறீங்க. எப்படித்தானுங்க இருக்கோணும்?"

"பார்த்தா உடைஞ்சுடுமோன்னு பயம் வரணும். ஆனா உடையக் கூடாது. உடைஞ்சா அது வாங்கினவர் கையால உடைஞ்சிருக்கணும். அதுதான் ஆடம்பரம்."

"ஒருக்கா உக்காந்து பாக்க மாட்டீங்களா?"

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தேநீர் குடித்துக்கொண்டிருந்தவருக்குப் புரை ஏறியது. லீலா மேடம் அவள் தோளில் கைவைத்து, சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல, "உட்கார்றதுக்குத்தான் பிளாஸ்டிக் இருக்கேம்மா," என்றார். "திமிர் இருந்தாலும் பரவாயில்லை. விரல் குடுத்தா அடங்கிடும். ஹாலுக்குப் போங்க."

ஹாலில் பெங்களூரிலிருந்து வந்த கடைக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் பெரிய பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் இருந்தார். சுவரை ஒட்டிய அலமாரியில் கண்ணாடிப் புட்டிகள். ஒவ்வொரு புட்டியிலும் மஞ்சள் நீரில் ஒரு விரல். கீழே பித்தளைத் தகட்டில் பெயர், மரத்தின் வகை, செய்த சாமான். ஒரு புட்டிக்குக் கீழே கட்டில் என்று எழுதியிருந்தது. அதில் இரண்டு விரல்கள் இருந்தன.

"கட்டில் பெரிய சாமான் அல்லவா," என்றார் கெம்பையன்.

மேடையில் ஒரு மரப்பலகை. பக்கத்தில் கொட்டாப்புளி, டெட்டால், பஞ்சு, ஒரு காலிப் புட்டி. நாற்காலியை அதன் அருகில் வைத்தார்கள். ரத்தினவேல் பையிலிருந்து தன் உளியை எடுத்தான். அது அவனுடைய உளியாகத்தான் இருக்க வேண்டும் என்பது விதி.

இயக்குநர் டாக்டர் சம்பத்குமார் வந்தார். எல்லோரும் எழுந்தார்கள். அவர் போகிற வழியில் ஒரு ஊழியரின் காலரைச் சரிசெய்தார், ஒரு பூச்சாடியைத் திருப்பிவைத்தார், வெள்ளைக்காரர் கால் மேல் கால் போட்டிருந்த விதத்தையும் திருத்தினார். யார் எதைச் செய்தாலும் அதைத் தாம் ஒருமுறை சரியாகச் செய்து காட்டாமல் அவரால் இருக்க முடியாது. அதனாலேயே அவரை இயக்குநராக்கியிருந்தார்கள்.

"நண்பர்களே," என்று தொடங்கினார். "கையால் செய்த நாற்காலிக்கும் மெஷின் செய்த நாற்காலிக்கும் என்ன வித்தியாசம்? பார்த்தால் தெரியுமா? எனக்குத் தெரியவில்லை. தொட்டால் தெரியுமா? எங்கள் லீலா மேடம் தொட்டுப் பார்த்தார், அவருக்கும் தெரியவில்லை. மரம் பற்றி எங்களில் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பதை நான் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். தெரிந்தவர்கள் இருந்தால் பாரபட்சம் வந்துவிடும்."

கடைக்காரர்கள் தலையசைத்தார்கள்.

"ஒருநாள் ஒரு பெரிய கைவேலைக்காரரைச் சந்தித்தேன். அவருக்கு ஒரு விரல் இல்லை. இன்னொருவரைப் பார்த்தேன். அவருக்கும் இல்லை. அன்றைக்கே புரிந்துகொண்டேன், கலை எங்கிருந்து வெளியே வருகிறது என்று. வாங்குகிறவர் எதை வாங்குகிறார்? மரத்தையா? மரம் காட்டில் நிற்கிறது. வசதியையா? வசதிக்கு மெத்தை இருக்கிறது. அவர் வாங்குவது இன்னொருவர் பட்ட பாட்டை. விருந்தாளிகளிடம் நாற்காலியைக் காட்டி, இதற்காக ஒருத்தன் விரலை விட்டான் என்று சொல்லும்போது அவருக்கு வருகிற நிம்மதி இருக்கிறதே, அதற்குப் பெயர்தான் ஆடம்பரம். ஆகவே மையத்தின் முதல் விதி: சாமானின் அருகே பலகையில் எவருடைய விரல் விழுகிறதோ, அவரே அதைச் செய்தவர். வேறு சாட்சி தேவையில்லை."

கைதட்டினார்கள். வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் கொஞ்சம் தாமதமாகக் கைதட்டினார்.

"ஐயா," என்றாள் மகேஸ்வரி. "என்ற வீட்டுக்காரரு இதைச் செஞ்சதை நான் பாத்தனுங்க. தெனமும் மரத்தூளைக் கூட்டினது நான்தானுங்க. அது போதாதுங்களா?"

"பார்த்ததெல்லாம் சாட்சி ஆகாது அம்மா. பார்க்கிறவர் கண் மெஷினாகக்கூட இருக்கலாம்."

கெம்பையன் கொட்டாப்புளியை அவள் கையில் வைத்தார். நல்ல கனம். கைப்பிடி பல பேருடைய மனைவிமார் பிடித்துப் பிடித்து வழவழப்பாகியிருந்தது.

ரத்தினவேல் மண்டியிட்டு இடது கையைப் பலகையில் வைத்தான். சுண்டுவிரலைத் தனியாகப் பிரித்தான். வலது கையால் உளியின் நுனியை அதன் மேல் நிறுத்தினான். உளி சற்றுச் சாய்ந்திருந்தது. அவன் மகேஸ்வரியைப் பார்க்காமல், "ஒரே போடாப் போட்டுரு புள்ளே. ரெண்டாவது போட வெச்சறாத," என்றான்.

"ஏனுங்க, எந்திரிங்க. வூட்டுக்குப் போலாம்."

"இத்தனை பேரு பாக்கறாங்க."

"பாத்தா என்னுங்க? அவங்களா உங்களுக்குச் சோறு பெசஞ்சு ஊட்டப் போறாங்க?"

"வலது கையிலதான சாப்பிடறேன். நீ போடு."

"முடியாது."

"நீ போடலைன்னா கெம்பையன் போடுவாரு. அவரு போட்டா வேலைக்காரன் வெட்டினதுன்னு எழுதிருவாங்க. விரலும் போயி, தரமும் போயிரும்."

கொட்டாப்புளி அவள் கையில் மெல்ல உயர்ந்தது. யாரோ இருமினார்கள். லீலா மேடம் காலிப் புட்டியின் மூடியைத் திறந்தார்.

"நிறுத்துங்க," என்றார் இயக்குநர்.

மகேஸ்வரிக்கு உயிர் வந்தது.

"மேஸ்திரி, இது என்ன பிடி? உளியை இப்படிச் சாய்த்தால் வெட்டு கோணலாக விழும். புட்டியில் பார்க்க அசிங்கமாக இருக்கும். வெளிநாட்டார் முன்னால் இப்படியா? எழுந்திருங்கள், நான் காட்டுகிறேன்."

ரத்தினவேல் எழுந்தான். இயக்குநர் கோட்டுக் கையை மடித்துக்கொண்டு பலகையின் முன் மண்டியிட்டார். தம் இடது கையைப் படிய வைத்தார். சுண்டுவிரலை அழகாக விலக்கினார். உளியை எடுத்து அதன்மேல் செங்குத்தாக நிறுத்தினார். ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும்படி தலையை ஒதுக்கிக்கொண்டார்.

"இப்படி. விரல் தளர்வாக இருக்க வேண்டும். உளி நேராக. பார்வை வாங்குகிறவர் பக்கம். முகத்தில் ஒரு சாந்தம். பார்த்தீர்களா அம்மா? இப்போது நீங்கள் அடிக்க வேண்டியதுதான்."

மகேஸ்வரி அடித்தாள்.

ஒரே போடு. விரல் பலகையிலிருந்து உருண்டு கீழே விழுந்து, வெள்ளைக்காரரின் பூட்ஸ் அருகே போய் நின்றது. ரத்தம் பீறிட்டுச் சாய்வுப் பலகையில் தெறித்தது. இயக்குநர் சுவரில் எழுதியிருந்ததை மறந்து அலறினார்.

"கொலை. போலீசைக் கூப்பிடு. இவளைப் பிடி, கெம்பையா, பிடி அவளை."

கெம்பையன் நகர்வதற்குள் லீலா மேடம் முழங்காலிட்டு, பூதக்கண்ணாடியோடு விரலின் மேல் குனிந்திருந்தார். அவர் நிமிர்ந்தபோது கண்கள் கலங்கியிருந்தன.

"சார், அசையாதீங்க. நேர் வெட்டு. பிசிறு இல்லை. நான் இந்த மையத்துக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு வெட்டைப் பார்த்ததில்லை. பலகை சரி. உளி சரி. சாமான் பக்கத்துலயே இருக்கு." அவர் கடைக்காரர்கள் பக்கம் திரும்பினார். "விதிப்படி இந்த நாற்காலியைச் செய்தவர் டாக்டர் சம்பத்குமார்."

முதலில் பின்வரிசையில் ஒருவர் கைதட்டினார். பிறகு எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். வெள்ளைக்காரர் இந்தமுறை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை.

இயக்குநர் கையைப் பஞ்சில் பொத்திப் பிடித்துக்கொண்டு அந்தக் கைதட்டலைக் கேட்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அதில் ஒரு சாந்தம் வந்தது.

"சுண்டுவிரல்," என்றார் பலவீனமாக. "மூன்றாம் தரம்தானே?"

"டைரக்டர் விரல் சார். முதல் தரம்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். "நண்பர்களே, இந்த நாற்காலியை நான் செய்யத் தொடங்கியபோது," என்று ஆரம்பித்து, என்ன சொல்வதென்று தெரியாமல் அதைத் திரும்பிப் பார்த்தார். "இதில் ஒரு பறவை வேண்டும் என்று எனக்குத் தோன்றியது."

"கிளிங்க," என்றான் ரத்தினவேல். "சார், அது கிளி. நாற்காலி நான் செஞ்சதுங்க."

லீலா மேடம் அவன் பக்கம் வந்தார். "கையைக் காட்டுங்க."

அவன் இரண்டு கைகளையும் நீட்டினான்.

"எல்லாமே இருக்கே. இப்படி முழுசா ரெண்டு கையை வெச்சுக்கிட்டு, இன்னொருத்தர் ரத்தம் சிந்தின பொருளை என்னுதுன்னு சொல்றீங்களே, உங்களுக்குக் கூசலையா? கெம்பையா."

கெம்பையன் பிளைவுட்டை எடுத்தார். முதல் அடி ரத்தினவேலின் தோளில் விழுந்தது. இரண்டாவது நெற்றியில். மூன்றாவதைத் தடுக்க வந்த மகேஸ்வரியின் முழங்கையில் விழுந்தது. அவள் கையில் கொட்டாப்புளி இன்னும் இருந்தது. அவள் அதைக் கெம்பையனின் முழங்காலில் ஒருமுறை பயன்படுத்தினாள். பிறகு இன்னும் நான்கைந்து ஊழியர்கள் சேர்ந்துகொண்டார்கள். ஹாலைக் கடந்து, சங்கிலிக் கூடத்தைக் கடந்து, பெஞ்சைக் கடந்து, வாசல்படிவரை அடித்துக்கொண்டே வந்தார்கள். படியில் உருட்டிவிட்டார்கள். பின்னாலேயே பழைய சேலையும் வந்து விழுந்தது.

"தப்பா நினைக்காதீங்க அம்மா, ட்யூட்டி," என்றார் கெம்பையன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே. கதவு மூடிக்கொண்டது.

பஸ் நிறுத்தத்தில் இருவரும் நின்றார்கள். மகேஸ்வரி சேலையின் முனையைக் கிழித்து அவன் நெற்றியில் கட்டினாள். அவளுடைய முழங்கை வீங்கிக்கொண்டிருந்தது.

"உளி அங்கயே போயிருச்சு," என்றான் அவன்.

"போகுது."

"நாற்காலியும்."

"ம்."

"அந்த ஆளு பேருல போகப் போகுது. பறவைங்கறான். கிளின்னுகூடத் தெரியல."

அவள் முடிச்சை இறுக்கினாள். அவன் முகம் சுளித்தான். பிறகு கேட்டான். "அவரு சும்மா காட்டறாருன்னு உனக்குத் தெரியலையா? கை தவறிருச்சா?"

"எனக்கு எப்பங்க கை தவறிருக்குது? அவரு அடிக்கச் சொன்னாரு. பெரிய மனுசரு சொல்லறப்ப மாட்டேன்னா சொல்ல முடியும்?"

அவன் அவளை ஒரு தினுசாகப் பார்த்தான். சிரிப்பு வந்தது போலிருந்தது. உதடு வெடித்திருந்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

மேட்டின் மேலிருந்து யாரோ நொண்டி நொண்டி இறங்கி வந்தார்கள். கெம்பையன். மகேஸ்வரி ரத்தினவேலுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"அடிக்க வரல அம்மா," என்றார் கெம்பையன் தூரத்திலேயே நின்று. "ட்யூட்டி முடிஞ்சது. டைரக்டர் சார் மேஸ்திரிகிட்ட ஒண்ணு கேக்கச் சொன்னாரு. தனியாக் கேக்கச் சொன்னாரு."

"என்னவாம்?" என்றான் ரத்தினவேல்.

"இதே மாதிரி இன்னொண்ணு செய்ய ஆகுமான்னு. டில்லியிலருந்து போன் வந்துருச்சு. அடுத்த எக்ஸிபிஷன்ல சாருக்குன்னே தனி மேடை போடறாங்களாம். கட்டைவிரல் குடுக்கலாமான்னு யோசிக்கிறாரு."

"யாரு கட்டைவிரலு?"

"அவர்துதான்."

ரத்தினவேல் தன் கைகளை ஒருமுறை விரித்துப் பார்த்தான், மூடினான். "செய்யலாமுங்க," என்றான் யோசித்தபடி. "கட்டைவிரலுன்னா சாமானும் கொஞ்சம் பெருசா இருக்கோணும். சோபா மாதிரி. கிளி வேணுமா மயில் வேணுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

பஸ் வந்தது. நல்ல கூட்டம். மகேஸ்வரி அவனை முதலில் ஏற்றிவிட்டு, தானும் படியில் கால் வைத்தாள். பிறகு திரும்பினாள்.

"கெம்பண்ணா, இன்னொண்ணும் சொல்லிருங்க. அடிக்கறதுக்கு அவரு வீட்டம்மாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம். பாவம், பழக்கமில்லாதவங்க. நானே லீவு போட்டுட்டு வந்தர்றேன்."